ஓசி சைக்கிளும் ரோடு டாக்ஸும்

"நாங்க ரோடு டாக்ஸ் கட்டித்தான் வண்டி ஓட்டுறோம். நீங்க கவர்மெண்ட் குடுத்த ஓசி சைக்கிள்ல நடுரோட்டுல வர்றீங்க. கண்ணாடிக்கு யாரு பதில் சொல்றது?"

கார்க்காரர் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோதுதான் நான் அந்த முக்கூட்டுச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். விழுப்புரம் மாவட்டத்தில், மாநில நெடுஞ்சாலையிலிருந்து ஒரு கிராமச் சாலை பிரிகிற இடம். காலனியைச் சேர்ந்த பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஓரமாகத்தான் வந்திருக்கிறாள். கார் கை காட்டாமல், இண்டிகேட்டரும் போடாமல் இடது பக்கம் திரும்ப, ஹேண்டில்பார் இடித்து அதன் சைடு மிரர் தொங்கிப்போனது. பிள்ளைக்கு முட்டியில் நல்ல சிராய்ப்பு. அதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. மிரர்தான் பேச்சு. அவளுடைய அம்மாதான் எனக்கு போன் செய்திருந்தார்.

நான் போனதும் சட்டம் பேசியிருக்க வேண்டும். திரும்புகிற வண்டிதான் பார்த்துத் திரும்ப வேண்டும், காயம்பட்டது பிள்ளைக்கு, வாங்க ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று முடித்திருக்கலாம். ஆனால் 'ரோடு டாக்ஸ்' என்ற வார்த்தையும் 'ஓசி' என்ற வார்த்தையும் காதில் விழுந்ததும் எனக்கு வேறு கோபம் வந்துவிட்டது. சமூகவியல் படித்த புத்தி வேறு. "சார், நீங்க கட்டுற டாக்ஸ்ல போட்ட ரோடு இல்ல இது. இந்தப் பிள்ளையோட அம்மா கட்டுற டாக்ஸும் இதுல இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டேன். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பொம்பளை என்ன டாக்ஸ் கட்டுறா என்பதுதான் அந்தச் சிரிப்பு.

அன்று சரியாகச் சொல்ல வரவில்லை. இங்கே சொல்கிறேன். கல்லூரியில், ஹாஸ்டலில், பஸ்சில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ரோடு டாக்ஸ் என்று நாம் சொல்வது மோட்டார் வாகன வரி. தமிழ்நாட்டில் அதற்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பைக் வாங்கும்போது ஷோரூம் பில்லிலேயே ஆயுள்கால வரி என்று பிடித்துவிடுவார்கள். பெயரில் ரோடு இருப்பதால் அந்தப் பணம் நேராக ரோட்டுக்குப் போகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். போவதில்லை. அது மாநில அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பத்திரப் பதிவில் வந்த பணம், ஜிஎஸ்டியில் வந்த பணம், டாஸ்மாக்கில் வந்த பணம் எல்லாம் சேருகிற அதே பெட்டி. அதிலிருந்துதான் வாத்தியார் சம்பளமும் போகிறது, முதியோர் பென்ஷனும் போகிறது, நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒதுக்கப்படுகிறது. எந்த ரூபாய் எந்த ரோட்டுக்குப் போனது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது.

பெட்ரோல், டீசல் கதை கொஞ்சம் வேறு. அதன்மீது ஒன்றிய அரசு வாங்கும் வரியில் சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் என்று ஒரு பங்கு இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மத்திய சாலை நிதிச் சட்டத்தின்கீழ் வந்தது. வண்டிக்காரர்களின் வாதத்துக்குக் கொஞ்சம் பலம் இருக்கிறதென்றால் அது இங்கேதான். ஆனால் 2018 திருத்தத்துக்குப் பிறகு இந்த நிதியை ரயில், நீர்வழி, குடிநீர் போன்ற மற்ற உள்கட்டமைப்புகளுக்கும் செலவிடலாம். அடுத்து, டீசலை வண்டிக்காரர்கள் மட்டுமா வாங்குகிறார்கள்? நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் குடிக்கிற டீசலிலும் சாலை செஸ் இருக்கிறது. அந்த இன்ஜின் எந்த ரோட்டில் ஓடியது? லாரி வாடகையில் ஏறுகிற டீசல் விலை கடைசியில் தக்காளி விலையில் வந்து உட்காருகிறது. அந்தத் தக்காளியை வாங்குகிறவர்களில் கார் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

சரி, டீக்கடையில் சிரித்தார்களே, அந்த அம்மாவின் வரிக்கு வருவோம். அவர் வாங்கும் சோப்பில் ஜிஎஸ்டி. பிள்ளையின் நோட்டுப்பையில், செருப்பில், மாதம் ரீசார்ஜ் செய்யும் செல்போனில் ஜிஎஸ்டி. சைக்கிள் ஓசியில் வந்தது, சரி. பஞ்சரான டியூபுக்குப் பதில் புது டியூப் வாங்கினால் அதில் ஜிஎஸ்டி. ஊராட்சிக்கு வீட்டு வரி. அவருடைய புருஷன் மூட்டை தூக்கிவிட்டு சாயங்காலம் டாஸ்மாக்கில் கொடுக்கிற காசைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கடைகளால் அரசுக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கும் மேல் வருகிறது. அது யார் பாக்கெட்டிலிருந்து, எந்த வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வருகிறது என்று நம் காலனிகளில் சொல்லித் தர வேண்டியதில்லை. வருமான வரி கட்டுகிறவர் மட்டும்தான் 'டாக்ஸ் பேயர்' என்று பேசுகிறவர்கள், அந்தப் பணத்தைக் கழித்துவிட்டு ஒரு கிலோமீட்டர் ரோடு போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்று. முக்கூட்டுச் சாலையிலிருந்து பிரிகிற கிராமச் சாலைக்கு மண் அணைத்து, கரை கட்டியதில் பாதி நூறு நாள் வேலையில் நடந்தது. அந்த அம்மாவே அதில் மண் சுமந்தவர். ரோடு போட வரி கொடுத்தாயா என்று கேட்பவர்கள், ரோடு போட யார் மண் சுமந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்பதில்லை.

தேய்மானக் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் "யூஸ் பண்றவன் காசு குடுக்கட்டும்" என்று சிலர் நியாயம் பேசுவார்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைக்கென்றே சாலைகள் போட்டு, அவற்றின் மீது மாதக்கணக்கில் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட தோராயமான விதி: ஒரு அச்சின் மீதுள்ள எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் 2 மடங்கல்ல, 16 மடங்கு. எடை 10 மடங்கானால் சேதம் 10,000 மடங்கு. சைக்கிளில் ஒரு சக்கரத்தின் மேல் ஐம்பது கிலோகூட இருக்காது. ஒரு சாதாரண காரின் ஓர் அச்சில் ஐந்நூறு கிலோவுக்கு மேல். மணல் லாரியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த முக்கூட்டில் ரோடு பள்ளமாகிக் கிடப்பதும் மணல் லாரி போகிற பாதையில்தான். ஆக, பயன்படுத்துகிறவர் கொடுக்கட்டும் என்று கணக்குப் போட்டால் அந்தப் பிள்ளைக்கு அரசு பாக்கி வைத்திருக்கிறது என்றுதான் வரும்.

இதையெல்லாம் மறுநாள் சாயங்காலம் காலனியில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பிள்ளையின் ஆயா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, அப்ப வரி கட்டாதவங்க நடக்கக் கூடாதா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

ஆயாவின் கேள்வி ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தது. நான் என்ன செய்தேன்? கார்க்காரர் ஒரு வாசல் வைத்தார், காசு கொடுத்தவன் மட்டும் உள்ளே என்று. நான் அந்த வாசலைத் தட்டி, எங்களிடமும் ரசீது இருக்கிறது என்று நீட்டினேன். வாசலே தப்பு என்று சொல்லவில்லை. ஆயாவிடம் ரசீது இல்லை. அவர் பெயரில் வீடில்லை, செல்போன் இல்லை. வெற்றிலை பாக்குக்கு வரி உண்டா என்று நான் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

அப்போதுதான் அப்பாவின் பில்லை ஞாபகத்துக்கு வந்தது. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு காலத்தில் சைக்கிளுக்கே வரி இருந்தது. நகராட்சியில் வருஷத்துக்கு ஒரு முறை பணம் கட்டினால் தகட்டில் அடித்த ஒரு சின்ன வில்லை கொடுப்பார்கள். அதை சைக்கிளில் மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிடித்துவிடுவார்கள். அப்பா டவுனில் ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சைக்கிள். வரி கட்டத் தவறியதே இல்லை என்று சொல்வார். பழைய பில்லை ஒன்று வீட்டில் சாவிக்கொத்தோடு ரொம்ப நாள் கிடந்தது.

அந்தப் பில்லையோடு மில்லிலிருந்து திரும்பும் அப்பா, ஊர் எல்லைக்கு வந்ததும் பிள்ளையார் கோயில் முன்னால் இறங்கிவிடுவார். அங்கிருந்து ஊர்த்தெரு முடிகிற வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து, தெரு தாண்டியதும் மறுபடி ஏறுவார். மழையானாலும் அப்படித்தான், மூட்டை இருந்தாலும் அப்படித்தான். ஊர்த்தெருவில் ஏறி மிதித்தால் என்ன ஆகும் என்று ஒரு முறை கேட்டேன். "ஒண்ணும் ஆகாது. அடிப்பாங்க, அவ்ளோதான்" என்றார்.

எங்கள் ஊரில் அன்று சைக்கிளுக்கு வரி கட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். ரோட்டுக்காக நேரடியாகப் பணம் கொடுத்த மனிதர் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கலாம். தெருவில் நின்று அவரை இறங்கச் சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த வரியைக் கட்டியிருப்பார்கள் என்று தெரியாது. அவர்களிடம் யாரும் பில்லை கேட்கவில்லை.

வரி கட்டினால் உரிமை வரும் என்பது உண்மையானால் அப்பாவுக்கு வந்திருக்க வேண்டும். இன்று பைக் வைத்திருக்கும் நம் பையன்களுக்காவது வந்திருக்க வேண்டும். ஆயுள் வரி, பெட்ரோல் செஸ், இன்சூரன்ஸ், தவணை எல்லாம் கட்டித்தான் ஓட்டுகிறார்கள். ஊர்த்தெருவில் ஹாரன் அடித்தான், வேகமாகப் போனான் என்று அவர்களை இறக்கி அடிப்பது நின்றுவிட்டதா? ஆகவே இதை சைக்கிளுக்கும் காருக்கும் நடக்கும் சண்டையாக மட்டும் பார்க்காதீர்கள். நம் வீட்டிலும் டிவிஎஸ் எக்ஸல் நிற்கிறது. நாளைக்கு கார் நிற்கும். நிற்கட்டும்.

என் சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழக அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது 2001-02இல். முதலில் அது எல்லோருக்கும் இல்லை. மேல்நிலை வகுப்பில் படித்த ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு மட்டும். 2005-06இல்தான் மற்ற மாணவர்களுக்கும் பரவலானது. நான் பிளஸ் ஒன் படித்தது அந்த முதல் சில ஆண்டுகளில். எங்கள் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் ஒரே மாதிரி புது சைக்கிள் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்தாலே யார் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். "எஸ்சி சைக்கிள்" என்பார்கள். சில பிள்ளைகள் வெட்கப்பட்டு ஸ்டிக்கரைச் சுரண்டினார்கள். நானும் சுரண்டினேன்.

ஆனால் ஏறி மிதித்தோம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போவோம். பிள்ளையார் கோயில் வந்ததும் முதல் நாள் எல்லோரும் இறங்கினோம், பழக்கம். இரண்டாவது வாரமோ என்னவோ, ஒருத்தி இறங்கவில்லை. பெல் அடித்துக்கொண்டே போனாள். பின்னால் நாங்களும் போனோம். ஒரு கிழவர் எழுந்து நின்று எதோ திட்டினார். ஸ்கூல் பிள்ளைகள், சர்க்கார் கொடுத்த சைக்கிள் என்பதால்தானோ என்னவோ யாரும் கை வைக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அப்பாவும் இறங்காமல் வந்தார். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பைசா கொடுக்காமல் வந்த சைக்கிள் செய்ததை வரி கட்டிய பில்லையால் செய்ய முடியவில்லை.

இதே ஆண்டுகளுக்குப் பத்து வருஷம் முன்பு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கிற பெண்கள், கூலிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். அன்றும் கிண்டல் இருந்தது. ரோட்டில் யார் எப்படிப் போகலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் கைவிட்டுப் போகிறபோதெல்லாம் இந்தக் கிண்டல் வருகிறது.

நம் தலைவர்கள் இந்தப் பணப் பிரச்சினையை எப்படிக் கையாண்டார்கள் என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொது நிதியில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளையும் சத்திரங்களையும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறந்துவிடச் சொன்னது. அதன் தொடர்ச்சிதான் 1927இல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் எடுத்தது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924இல் ரெட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எந்த வகுப்பினர் நடப்பதற்கும் தடையில்லை என்றது. அதே 1924இல் வைக்கத்தில் சண்டை நடந்ததும் கோயிலுக்குள் போக அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த சாலையில் நடக்க.

இவர்கள் பொதுப் பணம் என்று சொன்னதன் அர்த்தம் வேறு. நாங்களும் பங்கு போட்டோம், அதனால் எங்களுக்கும் பங்கு கொடு என்பதல்ல. பொதுப் பணத்தில் நிற்கிற எதையும் எவரும் தனதென்று சொல்ல முடியாது என்பது. கார்க்காரர் பணத்தைச் சொல்லி ரோட்டுக்கு உரிமை கொண்டாடினார். அவர்கள் பணத்தைச் சொல்லி அந்த உரிமை கொண்டாடலையே இல்லாமல் செய்தார்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவை ஒரு முறை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடங்கள் என்று அடுக்குகிறது. அவை முழுவதுமாகவோ பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்பட்டால் போதும், அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கென விடப்பட்டிருந்தால் போதும். சாதி, மதம், பால் போன்ற காரணங்களால் எந்தக் குடிமகனுக்கும் அங்கே தடை கூடாது. 'பகுதியாகவோ' என்று ஒரு சொல் இருக்கிறதே, பெரும்பகுதி நான் போட்டது என்று வருகிறவனுக்கு அது பதில். அந்த 'அல்லது' எங்கள் ஆயாவுக்கு. பணமே யாரும் போடாத ஒற்றையடிப் பாதையாக இருந்தாலும் பொதுவென்று ஆனபின் பொதுதான். இது அரசை மட்டும் கட்டுப்படுத்தும் பிரிவும் அல்ல. தெருவில் நிற்கிற தனி மனிதரையும் கட்டுப்படுத்தும்.

இன்னும் நேராகவே இருக்கிறது ஒன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், பிரிவு 3(1)(இசட்ஏ). பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைப் பொதுச் சாலையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டுவதைத் தடுப்பதும் குற்றம். சைக்கிள் என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. என் அப்பாவைப் போல எத்தனை பேர் இறங்கி உருட்டியிருந்தால் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை எழுதியிருக்கும்! புகார் எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். பல ஸ்டேஷன்களில் நாம் சொன்னால்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அதற்காக வரிக் கணக்கை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வேறு இடத்தில் அது தேவை. நமக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே போகிறது என்று கேட்கும் இடத்தில். டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக நடந்த வேலைகளுக்குப் பட்டியல் சாதித் துணைத் திட்ட நிதியிலிருந்து சுமார் 744 கோடி ரூபாய் திருப்பப்பட்டது தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளியே வந்தது. அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். யார் பணத்தில் யார் ஓசியில் போனார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

முக்கூட்டுச் சாலைக்குத் திரும்பி வருகிறேன். நான் வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே பிள்ளையின் அம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து முந்நூறு ரூபாய் எடுத்துக் கார்க்காரரிடம் கொடுத்துவிட்டார். நான் தடுக்கப் போனேன். "வேணாம்மா, அவங்க நெலத்துப் பக்கம்தான் நாளைக்கு களை எடுக்கப் போவணும்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கோபம் என் மேல் திரும்பியது. ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று முதலில் சொல்லாமல் பாடம் நடத்தியது நான்தானே.

கிராமச் சாலை ஊர் முடிகிற கல்வெட்டுப் பாலம் வரைக்கும் தார். அதற்குப் பிறகு காலனி வரைக்கும் மண். ஆயாவின் கேள்விக்கு அடுத்த வாரம் நாங்கள் ஒரு தகவல் உரிமை மனு எழுதினோம். பிள்ளைதான் எழுதினாள், நான் பிழை மட்டும் பார்த்தேன். இந்தச் சாலை எந்தத் திட்டத்தில், எந்த நிதியில் போடப்பட்டது? திட்ட மதிப்பீட்டில் சாலையின் கடைசி எல்லையாகக் குறிப்பிட்ட இடம் எது? அது பாலத்தோடு நின்றதற்கு உத்தரவு போட்டது யார்? பட்டியல் சாதியினருக்கான நிதியில் இந்த ஊராட்சியில் கடந்த ஐந்து ஆண்டுகளில் நடந்த வேலைகள் என்னென்ன? பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, சிராய்ப்புக் கட்டோடு அவளே சைக்கிளில் போஸ்ட் ஆபீஸ் போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தாள். ஊர்த்தெரு வழியாகத்தான்.